கரசுனோ தோற்றால் உங்களுக்கு என்ன நஷ்டம்?

ஹைக்யூ என்ற ஜப்பானிய வாலிபால் காமிக்ஸைத் திட்டி நண்பர் ஒருவர் போட்ட பதிவின் ஸ்க்ரீன்ஷாட்டை நேற்றிலிருந்து இன்பாக்ஸில் அனுப்பிக்கொண்டே இருக்கிறீர்கள். பார்த்துவிட்டேன். போதும். அவர் பெயரை நான் சொல்லப் போவதில்லை, நீங்களும் கீழே டேக் செய்து வம்பிழுக்க வேண்டாம். அவர் எழுதியதில் பாதி எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. கடைசி வரிதான். அதைப் பற்றி அப்புறம் பேசுகிறேன்.

முதலில் ஓர் எச்சரிக்கை. அதன் அனிமே (கார்ட்டூன் வடிவம்) மட்டும் பார்த்துக்கொண்டு, அடுத்த படம் வரட்டும் என்று பொறுமையாக இருப்பவர்கள் இப்படியே திரும்பிப் போய்விடுங்கள். முடிவைச் சொல்லாமல் இந்தச் சண்டையைப் போட முடியாது.

அவருடைய குற்றச்சாட்டு இதுதான். 2012-இலிருந்து 2020 வரை ஓடிய கதை, 402 அத்தியாயம், 45 புத்தகம். இவ்வளவையும் படிக்க வைத்துவிட்டு, கதாநாயகனின் அணியான கரசுனோ பள்ளியை தேசியப் போட்டியின் கால் இறுதியில் தோற்கடித்தது வாசகனுக்குச் செய்த துரோகமாம். துரோகம்! ஏதோ சீட்டுப் பணத்தைச் சுருட்டிக்கொண்டு ஓடிய மாதிரி.

ஆமாம், கரசுனோ கோப்பை வாங்கவில்லை. கமோமெதாய் பள்ளியிடம் மூன்று செட் ஆடித் தோற்றது. போதாக்குறைக்கு மூன்றாவது செட்டில் கதாநாயகன் ஹினாட்டாவுக்குக் காய்ச்சல் ஏறி, ஆட்டத்தின் நடுவிலேயே வெளியே கூட்டிக்கொண்டு போகிறார்கள். அவன் இல்லாமலே அணி தோற்கிறது. இதைத்தான் நீங்கள் ஓட்டை என்கிறீர்கள். கதையே அதுதான் என்கிறேன் நான். கரசுனோ தோற்றதால்தான் அது ஹைக்யூ. ஜெயித்திருந்தால் சட்டை மாற்றிப் போட்ட இன்னொரு கதை, அவ்வளவுதான்.

நாக் அவுட் போட்டி என்றால் என்ன என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். ஒரே ஓர் அணியைத் தவிர மற்ற எல்லா அணிகளும் தோற்றுத்தான் வீட்டுக்குப் பஸ் ஏறும். நாம் படிக்கும் விளையாட்டுக் கதைகள் எல்லாம் அந்த ஓர் அணியின் கதை. மிச்சப் பேர் என்ன ஆனார்கள்? முதல் சீசனில் தோகோனாமி என்று ஓர் அணி வருமே, நினைவிருக்கிறதா? இருக்காது. இன்டர்ஹை என்ற பள்ளிகளுக்கான தேசியப் போட்டியின் தகுதிச் சுற்றில் கரசுனோவின் முதல் எதிரணி. கரசுனோ கேப்டன் தாய்ச்சியோடு நடுநிலைப் பள்ளியில் ஒன்றாக ஆடிய இகெஜிரி அந்த அணியில் இருக்கிறான். பெரிய திறமைசாலிகள் யாரும் கிடையாது. தோற்கிறார்கள். வேறு எந்தக் கதையாக இருந்தாலும் கேமரா அப்படியே ஜெயித்தவர்கள் பக்கம் திரும்பியிருக்கும். இங்கே அது தோற்றவர்களிடம் போகிறது. முதல் சுற்றிலேயே கடையைக் கட்டியவர்கள், பெயர்கூடத் தெரியாத பையன்கள், கரசுனோவின் பெண்கள் அணி எல்லாரிடமும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வருகிறது. நாங்களும் வாலிபால் ஆடினோம் என்று அவர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்வது போல ஓர் இடம் அது. இத்தனைக்கும் கதை அப்போதுதான் சூடு பிடிக்க ஆரம்பித்திருந்தது. இந்தக் கதை யார் பக்கம் என்பதை ஆசிரியர் ஃபுருதாதெ அன்றைக்கே சொல்லிவிட்டார். நீங்கள்தான் கவனிக்கவில்லை. அது அவர் தப்பா?

"இதற்கு ஸ்லாம் டங்க் எவ்வளவோ மேல்" என்று இருவர் வந்திருக்கிறீர்கள். அண்ணன்மார்களே, இனோவே வரைந்த அந்தக் கூடைப்பந்துக் காமிக்ஸ் எனக்கும் உயிர். ஆனால் நீங்கள் கடைசிப் புத்தகத்தைப் படித்தீர்களா, இல்லை ரீல்ஸில் மட்டும் பார்த்தீர்களா? அதன் கதாநாயகனின் ஷோஹோகு பள்ளி, பலசாலியான சன்னோ பள்ளியை 79-78 என்று ஒரே ஒரு புள்ளியில் ஜெயிக்கிறது. அடுத்த ஆட்டத்திலேயே மண்ணைக் கவ்வுகிறது. அந்தத் தோல்வியை இனோவே வரையக்கூட இல்லை, ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டார். 1996-இல் இனோவே செய்தால் காவியம், 2020-இல் ஃபுருதாதெ செய்தால் துரோகமா? கரசுனோ கோப்பை வாங்கவில்லை என்று அழுகிறவர்கள் முதலில் ஷோஹோகுவுக்கு ஒரு கோப்பை வாங்கிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

கால் இறுதிக்குப் பிறகு கதை பல வருடங்களைத் தாண்டிக் குதித்துவிடுகிறது என்ற புகார் நியாயம்தான். எனக்கும் அந்த வருத்தம் உண்டு. இன்னும் ஒரு புத்தகமாவது அவர்களைப் பள்ளியிலேயே வைத்திருக்கலாம். சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் குதித்து எங்கே போகிறது என்று பாருங்கள். ஹினாட்டா ரியோவில் கடற்கரை வாலிபால் ஆடுகிறான், மணலில் நிற்கவே தெரியாமல் தடுமாறுகிறான். அவனோடு கரசுனோவில் ஆடிய சுகவாரா ஆரம்பப் பள்ளி ஆசிரியர் ஆகிறான். தாய்ச்சி போலீஸ். யமகுச்சி ஒரு மின்சாதன நிறுவனத்தில் வேலைக்குப் போகிறான். தோற்றதால் ஒருவனும் செத்துப் போகவில்லை. காலையில் எழுந்து வேலைக்குப் போகிறார்கள். எனக்கு அது போதும்.

"வளர்ந்த மனுசன் கார்ட்டூன் பார்க்கலாமா" என்று கேட்டவருக்குப் பதில் கிடையாது. போய் உங்கள் சீரியலைப் பாருங்கள்.

இப்போது அந்தக் கடைசி வரி. "பெஞ்சில் உட்கார்ந்தவர்களுக்குத்தான் இந்தக் கதை பிடிக்கும்." சிரிப்பு எமோஜி வேறு. அதற்குக் கீழே வந்து சிரித்தவர்களில் மூன்று பேர் என் வீட்டில் சாப்பிட்டவர்கள்.

ஆமாம் சார். நான் பெஞ்சில் உட்கார்ந்தவன்தான். சரியாகச் சொன்னால், பெஞ்சுகூட இல்லை. எங்கள் பள்ளி மைதானத்தில் புங்க மரத்தடியில் ஒரு கல் கிடக்கும், அதுதான் எங்களுக்குப் பெஞ்ச். பதினொன்றாம் வகுப்பில் நான் வாலிபால் அணியின் எக்ஸ்ட்ரா. பந்துக்குக் காற்றடிப்பது, நெட்டைச் சுருட்டித் தூக்கி வருவது, ஆடுகிறவர்களின் செருப்பைப் பார்த்துக்கொள்வது எல்லாம் என் வேலை. பள்ளியில் இருந்தது பத்து ஜெர்சி. நான் பதினொன்றாவது ஆள்.

குறுவட்டப் போட்டி. மூன்றாவது செட், 11-13, நாங்கள் பின்தங்கியிருக்கிறோம். எங்கள் லிஃப்டருக்கு, அதாவது அடிப்பவர்களுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவனுக்கு, காலில் பிடித்துக்கொண்டது. பி.டி. மாஸ்டர் திரும்பி என்னைப் பார்த்தார். எனக்கு முன்னால் இருந்த எக்ஸ்ட்ராக்கள் எல்லாம் ஏற்கெனவே உள்ளே போய் வந்துவிட்டார்கள். எனக்கு ஜெர்சி இல்லையே, அதனால் லிஃப்டர் கோட்டோரத்தில் நின்று தன்னுடையதைக் கழற்றிக் கொடுத்தான், நான் அங்கேயே மாட்டினேன். வேர்வையில் நனைந்து முதுகில் ஒட்டிக்கொண்டு கீழே இறங்க மாட்டேன் என்றது. ஜெர்சியின் கைக்குள் என் கை போகவில்லை. எதிர்ப்பள்ளிப் பையன்கள் விசிலடித்தார்கள். நடுவர் கடிகாரத்தைப் பார்த்தார். அவன் நின்ற இடம் சர்வீஸ் போடும் இடம். பந்தை வாங்கினேன், தூக்கிப் போட்டேன், அடித்தேன். நெட். 11-14. அடுத்த பந்தில் ஆட்டம் முடிந்தது.

திட்டியிருந்தால்கூடத் தேவலை. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன், பக்கத்து இருக்கை ஊர் வரும்வரை காலியாகவே இருந்தது. அந்த ஜெர்சியைத் திருப்பிக் கொடுக்க மறந்து அதே ஈரத்தோடு வீடு வரை வந்துவிட்டேன். அம்மா துவைத்துக் கொடுத்தார். அதன் பிறகு நான் மைதானத்துப் பக்கம் போகவில்லை.

இதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. நேற்று அந்த எமோஜியைப் பார்த்திருக்காவிட்டால் இப்போதும் சொல்லியிருக்க மாட்டேன்.

கரசுனோவில் யமகுச்சி என்று ஒருவன் வருகிறான் அல்லவா, சர்வீஸ் போட மட்டும் உள்ளே இறக்கப்படுகிறவன். ஆபா ஜோசாய் பள்ளியுடனான முதல் ஆட்டத்தில் உள்ளே போகிறான், சர்வீஸ் தவறிப்போகிறது, வெளியே வருகிறான். ஒரே ஒரு பந்து. அந்தக் காட்சியில் நான் லேப்டாப்பை மூடிவிட்டேன். முப்பத்திரண்டு வயது எனக்கு அப்போது. இரண்டு நாள் கழித்துத்தான் திரும்பத் திறந்தேன். அவனும் ஒரேயடியாக வீரனாகிவிடவில்லை. பிறகு வாகுதானி மினாமி பள்ளியுடனான ஆட்டத்தில், தப்பு வந்துவிடுமோ என்று பயந்து சும்மா பாதுகாப்பாக ஒன்றைப் போட்டுவிட்டு, அதற்காகவே கூனிக் குறுகிப் போகிறான். ஊரில் கடை வைத்திருக்கும் ஷிமாதாவிடம் போய்க் கற்றுக்கொண்ட அந்த ஜம்ப் ஃப்ளோட் சர்வீஸ் (குதித்து, பந்து சுழலாமல் அடிப்பது), அதே ஆபா ஜோசாயுடன் மறுபடி மோதும்போதுதான் பலிக்கிறது.

சரி, யமகுச்சிக்காவது பலித்தது என்பீர்கள். அதே அணியின் கினோஷிதாவுக்கு? பெயர் நினைவில் இல்லை, அப்படித்தானே? நான்காவது சீசன், இனரிசாகி பள்ளியுடனான ஆட்டம். அவனையும் சர்வீஸுக்கு இறக்குகிறார்கள், பலிக்கவில்லை, திரும்பி வந்து ஓரத்தில் நிற்கிறான். எதிரணியின் மியா அட்சுமு போடும் சர்வீஸை எடுக்க முடியாமல் கரசுனோவின் நிஷினோயா திணறுகிறான். அந்த மாதிரி சர்வீஸை எடுக்க நிஷினோயாவுக்குப் பயிற்சிப் பந்து போட்டுக் கொடுத்தது யார்? இந்தக் கினோஷிதாதான். ஓரத்தில் நின்றபடியே முன்னால் வா என்று கத்துகிறான். நிஷினோயா முன்னால் வந்து கை உயர்த்தி எடுக்கிறான். ஸ்கோர் போர்டில் அதற்குப் பெயர் கிடையாது.

என் அணியில் எனக்கு அப்படிக் கத்தத் தோன்றியதில்லை. கத்தலாம் என்றே தெரியாது. செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆகவே, நண்பரே, நீங்கள் எழுதியது முழுப் பொய் என்று நான் சொல்லவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தவர்களுக்கு இந்தக் கதை பிடிக்கும். ரொம்பப் பிடிக்கும். அதை எதற்கு ஏளனமாகச் சொன்னீர்கள் என்பதுதான் எனக்குப் புரியவில்லை. நீங்கள் எந்த அணியில் எந்தக் கோப்பையை வாங்கினீர்கள்? உங்கள் வீட்டு அலமாரியை நானும் பார்த்திருக்கிறேன். சரி விடுங்கள், அந்தப் பேச்சு வேண்டாம்.

கமெண்ட் பகுதி திறந்தேதான் இருக்கும், யாரையும் பிளாக் செய்யப் போவதில்லை. இனரிசாகி ஆட்டத்தை முழுதாகப் பார்க்காமல் வந்து கேட்பவர்களுக்கு மட்டும் பதில் கிடையாது. நாளைக்கு ஆபீஸ், இஸ்திரி போட வேண்டிய துணி அப்படியே கிடக்கிறது.