இன்டர்வலில் கை வைக்காதீர்கள்

மகளின் பாடசாலையில் சனிக்கிழமை வைத்த பெற்றார் கூட்டத்தில் நடந்ததைப் பற்றி இரண்டு வரி போட்டிருந்தேன். அதன் கீழே வந்த கொமென்ட்களையும் இன்பொக்ஸில் வந்தவற்றையும் வாசித்த பிறகு அந்த இரண்டு வரியோடு விட மனம் வரவில்லை. இது நீளமான பதிவு. நேரம் இருப்பவர்கள் வாசியுங்கள்.

விஷயம் உங்களில் பலருக்குத் தெரியும். தரம் நான்குக்கும் ஐந்துக்கும் இன்டர்வல் அரை மணியிலிருந்து 15 நிமிடமாகிறது. மிச்ச நேரம் புலமைப்பரிசில் பயிற்சிக்கு, அதாவது நல்ல பாடசாலையில் இடமும் உதவிப்பணமும் கிடைக்கப் பிள்ளைகள் தரம் ஐந்தில் எழுதும் பரீட்சைக்கு. அடுத்த தவணையிலிருந்து தரம் மூன்றுக்கும் வரலாமாம். கேள்வி இருந்தால் கேளுங்கள் என்றார்கள். நான் எழுந்து, "அப்ப பிள்ளைகள் எப்ப விளையாடுறது?" என்று கேட்டேன். வேறொன்றும் கேட்கவில்லை. முன்வரிசையில் இருந்த ஒரு அப்பா திரும்பி, "விளையாட வேணுமெண்டா பின்னேரத்தில பார்க்குக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ தங்கச்சி" என்றார். மண்டபமே சிரித்தது. கேற்றடியில் காணும்போதெல்லாம் என்னோடு நின்று கதைக்கும் அம்மாமாரும் சேர்ந்து சிரித்தார்கள். அதற்குப் பிறகு யாரும் எதுவும் கேட்கவில்லை. கூட்டம் முடிந்தது.

சரி, அந்த 15 நிமிடத்தில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். எங்கள் வகுப்பில் போன மாதமே "செய்து பார்க்கிறோம்" என்று தொடங்கிவிட்டார்கள். கூட்டம் வெறும் அறிவித்தல்தான். பெல் அடிக்கிறது. கரும்பலகையில் இருப்பதை எழுதி முடித்தால்தான் எழும்பலாம். மெதுவாக எழுதும் பிள்ளைக்கு அங்கேயே மூன்று நிமிடம் போய்விடும். பிறகு கை கழுவ வரிசை. ஆரம்பப் பிரிவுக்கு மூன்று குழாய்கள். அதில் ஒன்று நாள் முழுக்கச் சொட்டிக்கொண்டே இருக்கும், திறந்தால் தண்ணீர் வராது. கை கழுவி வந்து, சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து, ஜெபம் சொல்லி, முதல் வாய் வைக்கும்போது பாதி நேரம் முடிந்திருக்கும். நான் கட்டிக் கொடுக்கும் புட்டும் முட்டைப் பொரியலும் பாதி அப்படியே திரும்பி வருகிறது. பாடசாலை வான் வந்து சேர்ந்து நான் பெட்டியைத் திறக்கும்போது மணி மூன்றாகிவிடும். புளித்த வாடை அடிக்கும்.

"ஏன் சாப்பிடேல்ல?" என்று நான் கோபப்பட்ட நாளில்தான் மகள் சொன்னாள். "சாப்பிட்டா டொய்லட் போக நேரமில்லை அம்மா. டொய்லட் போனா சாப்பிட நேரமில்லை." அதற்கு அவளே ஒரு வழியும் கண்டுபிடித்து வைத்திருந்தாள். தண்ணீர் குடிப்பதில்லை. குடிக்காவிட்டால் போகத் தேவையில்லையே. கொழும்பு வெயிலில், மின்விசிறி ஓடினாலும் வியர்க்கும் வகுப்பறையில், ஒன்பது வயதுப் பிள்ளை காலையிலிருந்து மத்தியானம் வரைக்கும் தண்ணீர் குடிக்காமல் இருக்கிறாள். சிறுநீர் எரிகிறது என்று அழுதபோது கூட்டிக்கொண்டு போன டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, "ஸ்கூலில தண்ணி குடிக்கிறீங்களா?" என்பதுதான். இந்தக் கேள்வியை அவர் தினமும் கேட்கிறாராம்.

இதில் விளையாட்டு எங்கே? இல்லை. சாப்பாடும் டொய்லட்டும் தண்ணீரும் போக விளையாட்டுக்கு ஒரு நிமிடம் மிச்சமில்லை. அந்த அரை மணி பிள்ளையின் நேரம். ஆறு மணி நேரப் பாடசாலை நாளில் யாரும் "எழுது", "வாசி", "பேசாதே" என்று சொல்லாத ஒரே நேரம். மற்ற எல்லாம் நம்முடையது. இது ஒன்று அவர்களுடையது. அதிலும் கை வைக்கிறோம்.

பார்க்குக்கு வருகிறேன். அந்த அண்ணாவுக்கு என் வீட்டு நிலைமை தெரியாது, ஆனால் அவர் வீட்டு நிலைமை அவருக்குத் தெரியுமே. வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் மரைன் டிரைவுக்கும் இடையில் ஒரு ஒழுங்கையில் நான்காம் மாடியில் இருக்கிறோம். வாடகை வீடு. மொட்டை மாடிக்குப் பூட்டு. கீழே முழுக்க வாகனம். கடற்கரைக்குப் போக ரயில் பாதையைக் கடக்க வேண்டும், ஒன்பது வயதுப் பிள்ளையைத் தனியே விட முடியாது. அவள் விடிய ஆறு மணிக்கு வானில் ஏறுகிறாள். மூன்று மணிக்கு வருகிறாள். நான்கு மணிக்கு டியூஷன். ஆறரைக்கு வீட்டுப்பாடம். விகாரமகாதேவிப் பூங்காவுக்கு எந்த நேரம் கூட்டிக்கொண்டு போவது? போனாலும் அங்கே அவள் யாரோடு விளையாடுவாள்? அங்கே நானும் அவளும் மட்டும்தான் இருப்போம். நான் பின்னால் நின்று ஊஞ்சல் ஆட்டுவேன். அதை விளையாட்டு என்று நான் சொல்ல மாட்டேன். ஒரே வயதுப் பிள்ளைகள் முப்பது பேர் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் நிற்பது பாடசாலையில் மட்டும்தான்.

"உடற்கல்விப் பாடம் இருக்குத்தானே" என்று ஒரு அக்கா எழுதியிருந்தார். இருக்கிறது, நேரசூசியில். அந்தப் பாடவேளையில் கணக்குப் பேப்பர் செய்கிறார்கள் என்று எல்லாப் பெற்றாருக்கும் தெரியும். நடந்தாலும் அது வேறு. சேர் விசில் ஊதுவார், பிள்ளைகள் வரிசையில் ஓடுவார்கள். இன்டர்வலில் யார் தலைவர், யார் அவுட், அழுகிறவளைத் திரும்பச் சேர்ப்பதா விடுவதா என்றெல்லாம் பிள்ளைகளே முடிவு செய்ய வேண்டும். அதை ஒரு பாடமாக யாரும் நடத்த முடியாது.

எனக்கு இது புத்தகத்தில் வாசித்த விஷயமில்லை. நான் படித்த பாடசாலையில் இரண்டு மொழிமூலமும் இருந்தது. சிங்கள வகுப்புகள் ஒரு கட்டடம், தமிழ் வகுப்புகள் ஒரு கட்டடம். காலைக் கூட்டத்தில்கூட வேறு வேறு வரிசை. நாங்கள் ஒன்றாக நின்ற ஒரே நேரம் இன்டர்வல். ஒரே மரம், ஒரே மண், ஒரே கெண்டீன் யன்னல். இரண்டாம் மொழிப் பாடத்தில் எனக்குச் சிங்கள எழுத்துகள் தெரிந்தன. ஆனால் வாயைத் திறந்து பேசியது மரத்தடியில்தான், "நீ அவுட்", "இல்லை நான் தொடவே இல்லை" என்று சண்டை பிடித்துத்தான். 90களில், வீதிக்கு வீதி சோதனைச்சாவடி இருந்த கொழும்பில், அடையாள அட்டை இல்லாமல் எங்கள் அப்பா கடைக்குக்கூடப் போகாத காலத்தில், எனக்கு ஒரு சிங்களச் சிநேகிதி இருந்தாள். அவள் கொண்டு வரும் கிரிபத்தில் (பால்சோறு) பாதி எனக்கு, என் தோசையில் பாதி அவளுக்கு. இன்றைக்கும் என் பிறந்தநாளுக்கு முதல் அழைப்பு அவளுடையதுதான். நல்லிணக்கம் என்று கருத்தரங்கு வைக்கிறோம், பதாகை அடிக்கிறோம். ஒரு செலவும் இல்லாமல் பிள்ளைகள் தாங்களாகவே ஒன்று சேரும் அந்த அரை மணியைப் பாதியாக வெட்டுகிறோம். என் மகளின் பாடசாலையிலும் இரண்டு மொழிமூலம் இருக்கிறது. இப்போது அவளுக்குப் பக்கத்துக் கட்டடத்தில் ஒருவரையும் தெரியாது.

வெளிநாட்டு உதாரணம் கேட்டவர்களுக்கு. இந்தப் பாதையில் அமெரிக்கா நமக்கு முன்னமே போய்ப் பார்த்துவிட்டது. 1990களில் அட்லாண்டா நகரப் பாடசாலைகளில் ஆரம்பப் பிள்ளைகளின் இடைவேளையையே நிறுத்தினார்கள். விளையாட்டு முற்றமே இல்லாமல் புதுப் பாடசாலை கட்டினார்கள். 2002இல் வாசிப்புக்கும் கணக்குக்கும் ஆண்டுதோறும் பரீட்சை வைக்கும் சட்டம் வந்த பிறகு இன்னும் பல மாவட்டங்கள் விளையாட்டு நேரத்தைக் குறைத்தன. பிறகு என்ன நடந்தது? 2013இல் அந்த நாட்டுக் குழந்தை மருத்துவர்களின் சங்கம், இடைவேளை பிள்ளையின் வளர்ச்சிக்கு அவசியம், தண்டனையாகவோ படிப்புக்காகவோ அதைப் பறிக்கக் கூடாது என்று அறிக்கை விட்டது. புளோரிடாவில் அம்மாமார் சேர்ந்து ஆண்டுக்கணக்காகப் போராடி, 2017இல் ஆரம்பப் பிள்ளைகளுக்குத் தினமும் 20 நிமிடம் விளையாட்டு என்று சட்டமே கொண்டு வந்தார்கள். அந்த அம்மாமாரைப் பார்த்தும் பலர் சிரித்திருப்பார்கள். பின்லாந்தில் 45 நிமிடப் பாடத்துக்குப் பிறகு 15 நிமிடம் வெளியே விடுகிறார்கள், அநேகமாக ஒவ்வொரு பாடத்துக்கும். நாம் நாள் முழுக்கவுக்கும் அந்த 15ஐக் கொடுத்துவிட்டுப் பெருமைப்படுகிறோம்.

சிறுவர் உரிமைச் சமவாயத்தின் 31ஆம் உறுப்புரை ஓய்வும் விளையாட்டும் பிள்ளையின் உரிமை என்கிறது. இலங்கை அதை 1991இல் ஏற்றுக்கொண்டது. ஒக்டோபர் முதலாம் திகதி மேடை போட்டு, பலூன் கட்டி, டொபி கொடுத்துச் சிறுவர் தினம் கொண்டாடும் அதே மண்டபத்தில்தான் சனிக்கிழமை அந்த அறிவித்தலை வாசித்தார்கள்.

இப்போது என்னை உண்மையிலேயே யோசிக்க வைத்த ஒரு கொமென்ட். "உங்களுக்கு வசதி இருக்கு, பேசுறீங்க. ஏழைப் பிள்ளைக்கு ஸ்கொலர்ஷிப் ஒண்டுதான் ஏணி." இதைக் கோபத்தோடு தள்ள மாட்டேன். அன்றைய கல்வி அமைச்சர் கன்னங்கரா இலவசக் கல்வியைக் கொண்டு வந்த காலத்தில் கிராமத்துக் கெட்டிக்காரப் பிள்ளையை மத்திய மகா வித்தியாலயத்துக்கு அனுப்பத்தான் இந்தப் பரீட்சை பிறந்தது. அந்த நோக்கத்தில் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் நியாயமாகப் பாருங்கள். வசதியுள்ள பிள்ளைக்கு நீச்சல் வகுப்பு இருக்கிறது, கிளப் இருக்கிறது, வீட்டு முற்றம் இருக்கிறது. கொட்டாஞ்சேனையிலும் மட்டக்குளியிலும் ஒற்றை அறை வீட்டில் இருக்கும் பிள்ளைக்கு ஓடுவதற்கு இருக்கும் ஒரே நிலம் பாடசாலை மைதானம்தான். இன்டர்வலை வெட்டினால் முதலில் இழப்பது அந்தப் பிள்ளைதான். ஏழைப் பிள்ளையின் பெயரைச் சொல்லி அந்தப் பிள்ளையிடமே பறிக்காதீர்கள்.

"எங்கட காலத்தில நாங்களும் விளையாடாமல்தான் படிச்சோம்" என்பவர்களுக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. அது உண்மையுமில்லை. உங்கள் முழங்கால் தழும்புகளைப் பாருங்கள்.

"விழுந்து பல்லுடைச்சால் யார் பொறுப்பு?" பிள்ளைகள் விழுவார்கள். போன வருடம் என் மகளே விழுந்து நாடியில் தையல் போட்டாள். நான் பாடசாலையோடு சண்டைக்குப் போகவில்லை.

ஆசிரியைகளை நான் குறை சொல்வதாகவும் ஒரு மிஸ் வருத்தப்பட்டிருக்கிறார். மிஸ், நீங்களும் அந்த 15 நிமிடத்தில் தேநீர் குடிக்காமல் கொப்பி திருத்துவதை நான் பார்த்திருக்கிறேன். வெட்டுப்புள்ளிக்கு மேல் எத்தனை பேர் என்று உங்களிடம் கணக்குக் கேட்பவர்கள் யார்? நாங்கள்தான், பெற்றார். பெறுபேறு வந்த அன்று வட்ஸ்அப் குறூப்பில் நடப்பதை எல்லோரும் பார்த்தோம். 2025இல் பாடசாலையை அரை மணி நீட்டி 2 மணி வரை வைக்கப் போவதாக அமைச்சு சொன்னபோது, "பிள்ளைகள் களைத்துப் போவார்கள், ஐயோ பாவம்" என்று பெற்றார் இதே குறூப்பில் பக்கம் பக்கமாக எழுதினார்கள். இப்போது பிள்ளைகளின் களைப்பு எங்கே போனது?

என் தம்பியைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் சனிக்கிழமையிலிருந்து அவன் முகம்தான் கண்ணுக்குள் நிற்கிறது. அவனுக்கும் ஐந்தாம் வகுப்பில் இன்டர்வல் இருக்கவில்லை. கணக்கில் பிழை விட்டவர்கள் வகுப்பிலேயே இருந்து திரும்பச் செய்ய வேண்டும். அவன் தினமும் பிழை விட்டான். நான் சாப்பிட்டுவிட்டு அவன் வகுப்பு யன்னலுக்குப் போவேன். மேசையில் பென்சிலை உருட்டிக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டிருப்பான். வெளியே அவனுடைய சிநேகிதர்கள் ரப்பர் பந்து அடித்துக்கொண்டிருப்பார்கள். கொஞ்ச நாளில் அவர்கள் அவனைக் கூப்பிடுவதை விட்டுவிட்டார்கள். பரீட்சையில் வெட்டுப்புள்ளிக்குச் சில புள்ளிகள் குறைவு. அப்பா அடிக்கவில்லை, ஏசவும் இல்லை. பேசாமல் இருந்தார். பல நாள் பேசாமல் இருந்தார். பத்து வயதுப் பிள்ளை அதை எங்கே கொண்டுபோய் வைக்கும்? அவன் இப்போது தோஹாவில் நல்ல வேலையில் இருக்கிறான். மனைவி, பிள்ளை, எல்லாம் சரி. ஆனால் நாலு பேர் சேர்ந்து நிற்கும் இடத்துக்கு இன்றைக்கும் போக மாட்டான். கல்யாண வீட்டில் வாசலோடு நின்றுவிட்டு வந்துவிடுவான். அந்த ஒரு வருடம்தான் காரணம் என்று என்னால் நிரூபிக்க முடியாது, ஒருவரும் என்னிடம் ஆதாரம் கேட்காதீர்கள். நான் அந்த யன்னலில் நின்றவள்.

ஒவ்வொரு வருடமும் ஏறத்தாழ 3 இலட்சம் பிள்ளைகள் இந்தப் பரீட்சை எழுதுகிறார்கள். பெரும்பாலானோர் வெட்டுப்புள்ளிக்குக் கீழேதான் வருவார்கள், அது அப்படித்தான் வைக்கப்பட்டிருக்கிறது. அவர்களுக்கு நாம் எதைக் கொடுத்து அனுப்புகிறோம்? புள்ளியும் இல்லை, விளையாடிய ஞாபகமும் இல்லை. பரீட்சைத் திணைக்களமே பரீட்சைக்குச் சில நாள் முன்னர் டியூஷன், கருத்தரங்கு, மாதிரி வினாத்தாள் எல்லாவற்றையும் தடை செய்கிறது. பரீட்சை வைப்பவர்களுக்கே தெரிகிறது பிள்ளையை விட வேண்டும் என்று. பெற்றவர்களுக்குத் தெரியவில்லை.

நான் பரீட்சையை நிறுத்தச் சொல்லவில்லை. டியூஷனை நிறுத்தச் சொல்லவில்லை, என் மகளும் போகிறாள். அந்த அரை மணியைத் திருப்பிக் கொடுங்கள் என்கிறேன். அதோடு அந்தக் குழாயையும் திருத்துங்கள்.

அதிபருக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். மரியாதையாக, ஒரு பக்கத்தில். திங்கட்கிழமை காலை கொடுக்கப் போகிறேன். இதுவரை ஐந்து அம்மாமாரும் ஒரு தாத்தாவும் கையெழுத்து வைத்திருக்கிறார்கள். அந்தத் தாத்தா ஓய்வுபெற்ற ஆசிரியர். மற்றவர்கள் வெள்ளிக்கிழமை பிள்ளைகளை எடுக்க வரும்போது கேற்றடியில் என்னிடம் வாங்கி வாசியுங்கள். வகுப்பில் பிள்ளைக்கு ஏதும் பிரச்சினை வந்துவிடும் என்ற பயத்தில் கையெழுத்து வைக்க முடியாதவர்கள் இருப்பீர்கள். வைக்க வேண்டாம், எனக்குக் கோபமில்லை. திங்கட்கிழமை என்னோடு உள்ளே மட்டும் வாருங்கள்.