எனக்கான புத்தகம், புத்தகத்துக்கான நான்

எங்கள் வாசகர் வட்டத்தில் போன மாதம் புதிதாகச் சேர்ந்த ஒருவர், "இதுவரைக்கும் எத்தனை புத்தகம் படிச்சிருப்பீங்க?" என்று கேட்டார். சட்டென்று பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்ததும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம் என்று நோட்டைக்கூட எடுத்துவிட்டேன். அப்புறம் அதில் வேறு ஏதோ எழுதிக்கொண்டு போனேன். அதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் கட்சி என்ன என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்னதைத்தான் படிக்க வேண்டும் என்று குழந்தைகளைக் கட்டாயப்படுத்தக் கூடாது. கட்டாயப்படுத்த வேண்டியது நாற்பது தாண்டிய நம்மைத்தான். நாமோ குழந்தை கையில் "நல்ல புத்தகம்" பட்டியலைக் கொடுத்துவிட்டு, நாம் மட்டும் பிடித்ததையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறோம்.

எனக்கு எட்டு வயதில் நூலக அட்டை கிடைத்தது. விண்ணப்பத்தில் அப்பா கையெழுத்துப் போட்டார். அதோடு அவருக்கு அங்கே வேலை முடிந்தது. ஒரு தடவைக்கு 2 புத்தகம், 14 நாள் தவணை. எதை எடுப்பது என்பது என் பாடு. யோசித்துப் பார்த்தால், அந்த வயதில் உடுப்பிலிருந்து தூங்கும் நேரம் வரை எல்லாவற்றையும் வேறு யாரோதான் முடிவு செய்தார்கள். நானே முடிவு செய்தவை அந்த இரண்டு புத்தகங்கள் மட்டும்தான்.

சிறுவர் பிரிவு என்பது சுவரோரம் நான்கு அலமாரி. அதைத் தாண்டினால் பெரியவர்களுக்கானது. "அந்தப் பக்கம் பெரியவங்களுக்கு, பாப்பா" என்று நூலகர் அம்மா சொல்வார். சொல்வாரே தவிர எழுந்து வந்து தடுத்ததில்லை. ஒருநாள் துணிந்து அந்தப் பக்கத்திலிருந்து தடிமனான ஒரு துப்பறியும் நாவலைத் தூக்கிக்கொண்டு வந்து மேசைமேல் வைத்தேன். கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார், புத்தகத்தைப் பார்த்தார், கடைசிப் பக்கத்துச் சீட்டில் டப்பென்று தேதி முத்திரையைக் குத்தினார். "புரியலைன்னா திருப்பிக் கொண்டு வந்துடு" என்றார். புரியவில்லை. மூன்றாம் நாளே கொண்டுபோனேன். ஏன், எதனால் என்று ஒரு கேள்வி இல்லை. "சரி, வேற எடுத்துக்கோ" என்றார்.

தவறான புத்தகத்தை எடுத்து, அது தவறு என்று தானே கண்டுபிடித்து, வெட்கப்படாமல் திருப்பி வைக்க ஒரு குழந்தைக்கு இடம் கிடைத்துவிட்டால் அது வாசகராகிவிடும் என்பது என் எண்ணம். அதற்குமேல் நாம் செய்ய வேண்டியது அதிகமில்லை.

அலமாரிக்குப் போய் நாமே கைநீட்டி எடுக்கும் இந்த ஏற்பாடு எல்லாக் காலத்திலும் இருந்ததில்லை. இடைக்கால ஐரோப்பாவில் புத்தகங்களைச் சங்கிலி போட்டு அலமாரியோடு பிணைத்து வைத்திருந்தார்கள். இங்கிலாந்தின் ஹெரிஃபோர்டு தேவாலயத்தில் அப்படியொரு சங்கிலி நூலகத்தை இன்றும் பார்க்கலாம். சங்கிலி போன பிறகும் பல நூலகங்களில் மேசையின் இந்தப் பக்கம் நின்று, வேண்டிய நூலின் பெயரைச் சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். உள்ளிருந்து ஆள் எடுத்து வருவார். பெயர் தெரியாத புத்தகத்தை எப்படிக் கேட்பது? நான் படித்தவற்றில் உருப்படியானவை பலவும் பெயரே தெரியாமல் கையில் எடுத்தவைதான்.

நூலகர் எஸ். ஆர். ரங்கநாதனின் ஐந்து விதிகள் பலருக்குத் தெரிந்திருக்கும். கணிதம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர், 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானார். 1931-இல் அந்த விதிகள் நூலாக வந்தன. நூல்கள் பயன்பாட்டுக்கே என்பது முதல் விதி, சங்கிலிக்கு எதிரான விதி. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் என்பது இரண்டாவது. ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் என்பது மூன்றாவது. வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து, நூலகம் வளரும் உயிர் என்பவை மற்ற இரண்டும். இரண்டாவதும் மூன்றாவதும் ஒரே விஷயத்தைத் திருப்பிப் போட்டுச் சொல்வதாகத்தான் நான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அப்படி இல்லை என்று புரிவதற்கு ஐம்பது வயதாக வேண்டியிருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

எங்கள் நூலகத்தில் புத்தக முதுகில் எண் ஒட்டியிருப்பார்கள். அமெரிக்கரான மெல்வில் டூயி 1876-இல் வெளியிட்ட தசம முறை அது. நான் அதைக் கதவிலக்கம் என்றே நம்பினேன். 398-இல் நாட்டுப்புறக் கதைகள் குடியிருந்தன. 910-க்குப் போனால் பயணங்கள். பறவைகளைத் தேடி 598-க்குப் போகிற வழியில் 595-இல் பூச்சிகள் உட்கார்ந்திருக்கும். பறவையை மறந்துவிட்டு எறும்புகளோடு வீட்டுக்கு வந்த நாட்கள் உண்டு. இன்று ஒரு செயலி "உங்களுக்குப் பிடிக்கக்கூடியவை" என்று வரிசை காட்டுகிறது. நான் ஏற்கெனவே படித்ததுக்கு ஒன்றுவிட்ட தம்பி தங்கைகள்தான் அதில் வருகிறார்கள். எறும்பு வருவதில்லை.

அந்தத் தேதிச் சீட்டும் என்னோடு பேசும். எனக்கு முன்னால் எத்தனை பேர் இதை எடுத்தார்கள், எந்த மாதம், ஒருவரே இரண்டு தடவை எடுத்திருப்பாரோ என்றெல்லாம் யோசிப்பேன். ஒரு புத்தகத்தில் கடைசி முத்திரைக்கும் என் முத்திரைக்கும் நடுவில் 11 வருடம். நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அது அங்கே நின்றுகொண்டிருந்திருக்கிறது. பாவமாக இருந்தது. முழுவதும் படித்தேன், பாவத்துக்காகவே.

பதின்மூன்று வயதில் ஒரு விபத்து. எடுத்து வந்த புத்தகம் மழையில் ஊறி, பக்கங்கள் அப்பளமாக உப்பிவிட்டன. சொல்லப் பயம். தவணை முடிந்தது. அபராதம் நாளுக்கு நாள் ஏறும் என்பது தெரியும், எவ்வளவு ஏறியிருக்கும் என்பது தெரியாது. தெரியாததால் மனசுக்குள் அது மலையாகிவிட்டது. ஏழு மாதம் அந்தத் தெருப் பக்கமே போகவில்லை. கடைசியில் அம்மா கண்டுபிடித்துக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். பெரிய தொகை ஒன்றுமில்லை. ஆனால் ஏழு மாத வாசிப்பு போனது போனதுதான். சிகாகோ பொது நூலகம் 2019-இலும் நியூயார்க் பொது நூலகம் 2021-இலும் தாமத அபராதத்தையே எடுத்துவிட்டன என்று படித்தபோது, அந்த ஊர்களில் கட்டிலுக்கு அடியில் ஊறிய புத்தகத்தை ஒளித்து வைத்திருக்கும் பிள்ளைகளை நினைத்து எனக்கு நிம்மதியாக இருந்தது. அபராதம் பொறுப்பைக் கற்றுக்கொடுக்கும் என்று வாதிடுபவர்கள் உண்டு. எனக்கு அது கற்றுக்கொடுத்தது சுற்றுவழியில் நடப்பதை.

அப்புறம் வேலை, கல்யாணம், குழந்தைகள். பத்து வருடம் ஏறக்குறைய எதுவும் படிக்கவில்லை. அதைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை. பலருக்கும் நடப்பதுதான்.

திரும்பி வந்தபோது ஒரு கெட்ட பழக்கத்தோடு வந்தேன், எண்ணும் பழக்கம். வருடத்துக்கு 52 புத்தகம் என்று இலக்கு வைத்தேன். டிசம்பரில் எண்ணிக்கை குறைந்தால் மெலிந்த புத்தகமாகப் பார்த்து எடுப்பேன். 90 பக்கமும் ஒன்றுதான், 900 பக்கமும் ஒன்றுதான் அல்லவா! வேக வாசிப்புப் பயிற்சி ஒன்றிலும் சேர்ந்தேன். விரலை வரியில் ஓட்டச் சொன்னார்கள், மனதுக்குள் உச்சரிக்காதே என்றார்கள். ஆங்கிலத்தில் கதையல்லாத எழுத்தைப் பெரியவர்கள் மௌனமாகப் படிக்கும் சராசரி வேகம் நிமிடத்துக்கு 238 சொல் என்று பல ஆய்வுகளைத் திரட்டி 2019-இல் ஒரு மதிப்பீடு வந்தது. அதைப் போல இரண்டு மூன்று மடங்கு வேகம் வந்துவிடும் என்று பயிற்சியில் ஆசை காட்டினார்கள். வேகம் வந்தது. படித்தது என்ன என்று மறுநாள் கேட்டால் முழிப்பேன். வேகத்தைக் கூட்டினால் புரிதல் குறையும், இரண்டையும் ஒன்றாகப் பெற வழியில்லை என்று 2016-இல் வந்த ஒரு விரிவான ஆய்வுக் கட்டுரை சொல்கிறது. எனக்கு அதைத் தெரிந்துகொள்ள ஆய்வே தேவைப்படவில்லை.

அந்த நோட்டுகளை இப்போது புரட்டினால் இன்னொன்றும் தெரிகிறது. ஐந்து வருடப் பட்டியலில் 200-க்கும் மேற்பட்ட தலைப்புகள், ஆனால் மூன்றே வகை. துப்பறியும் நாவல்கள், குடும்ப நாவல்கள், பிரபலங்களின் வாழ்க்கை வரலாறு. எட்டு வயதில் பெரியவர்கள் அலமாரிக்குள் நுழைந்தவள், நாற்பத்தைந்தில் தானே நான்கு அலமாரி கட்டிக்கொண்டு அதற்குள்ளேயே சுற்றியிருக்கிறேன். யாரும் தடுக்கவில்லை. என் சுதந்திரமான தேர்வுதான் அத்தனையும்!

வாசகர் வட்டத்துக்குத் தோழி இழுத்துக்கொண்டு போனபோது எனக்கு விருப்பமே இல்லை. படிப்பது தனியாகச் செய்கிற காரியம், அதற்கு எதற்குக் கூட்டம் என்று நினைத்தேன். எட்டுப் பேர் இருந்தார்கள். அந்த மாத நாவலில் வரும் தாய் பாத்திரத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. "அவ ஒரு ராட்சசி" என்று நான் தீர்ப்பு மாதிரிச் சொன்னேன். எதிரே இருந்த செவிலியர், என்னைவிட இருபது வயது சின்னவர், மெதுவாகச் சொன்னார்: "அக்கா, அந்த வீட்டுல பொய் சொல்லாத ஒரே ஆள் அவங்கதான். நீங்க மறுபடி பாருங்க." கோபமாக வந்தது. வீட்டுக்குப் போய், அவரை மடக்குவதற்காகவே மறுபடி படித்தேன். அவர் சொன்னது சரி. 300 பக்கத்தில் அந்தத் தாய் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. நான் அதை வேகமாகப் படித்தவள்.

இப்போது அந்த மூன்றாவது விதிக்கு வருகிறேன். இரண்டாவது விதி என் பக்கம் நிற்கிறது: எனக்கு ஏற்ற புத்தகம் எனக்குக் கிடைக்க வேண்டும். குழந்தைக்குத் தேவையான விதி அது. மூன்றாவது விதி புத்தகத்தின் பக்கம் நிற்கிறது: யாரும் எடுக்காமல் 11 வருடம் நிற்கும் அதற்கு ஒரு ஆள் வேண்டும். எனக்குப் பிடிக்கிறதா இல்லையா என்பது அங்கே கேள்வியே இல்லை. வாசகர் வட்டம் புத்தகத்தின் கட்சியில் இருக்கிறது. நானாக ஒருபோதும் எடுத்திருக்க மாட்டேன் என்கிற புத்தகங்களிடம் என்னைக் கொண்டுபோய் ஒப்படைக்கிறது.

எல்லா வட்டமும் இப்படி இருக்கும் என்று சொல்லமாட்டேன். இடையில் வேறொரு குழுவிலும் கொஞ்சகாலம் இருந்தேன். ஒருவர் மட்டும் முக்கால் மணி நேரம் எழுத்தாளரின் வாழ்க்கைக் குறிப்பைச் சொல்வார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். இன்னொருவர் புத்தகத்தின் பின்னட்டையை மட்டும் படித்துவிட்டு வந்து உரை ஆற்றுவார். கைதட்டுவார்கள் வேறு. கழன்றுகொண்டேன்.

எங்கள் வட்டத்தில் எழுதப்படாத சில பழக்கங்கள் உண்டு. புத்தகத்தை முறை வைத்துத் தேர்ந்தெடுப்போம், வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது. தேர்ந்தெடுத்தவர் கடைசியில்தான் பேசலாம். முடிக்காதவர்களும் வரலாம், ஆனால் எந்தப் பக்கத்தில் நிறுத்தினோம், ஏன் என்று சொல்ல வேண்டும். இந்தக் கடைசிப் பழக்கம் அருமையானது. ஒரே புத்தகத்தை மூன்று பேர் ஒரே இடத்தில் நிறுத்தியிருந்தால், கோளாறு எங்கே என்று தெரிந்துவிடும்.

பெஞ்சமின் பிராங்க்ளின் 1727-இல், 21 வயதில், பிலடெல்பியாவில் நண்பர்களைச் சேர்த்து வெள்ளிக்கிழமை மாலைகளில் கூடி விவாதிக்கும் குழு ஒன்றைத் தொடங்கினார். பேச்சில் மேற்கோள் காட்டப் புத்தகம் பக்கத்தில் இருந்தால் நல்லது என்று எல்லோரும் தங்கள் புத்தகங்களைக் கூடும் அறையில் கொண்டுவந்து வைத்தார்கள். சரியாகப் பார்த்துக்கொள்ள ஆளில்லை, ஒரு வருடத்தில் அவரவர் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அதன் பிறகுதான் 1731-இல் சந்தா கட்டி ஒரு நூலகத்தை நிறுவினார்கள். நான் நூலகத்திலிருந்து வட்டத்துக்கு வந்தேன். அங்கே வட்டம் முந்தி, நூலகம் பிந்தி.

இப்போது கண்ணாடி இல்லாமல் படிக்க முடிவதில்லை. நாற்பதுக்கு மேல் கண்ணின் வில்லை இறுகிப்போவது யாருக்கும் தப்பாது. எங்கள் வட்டத்தில் ஒரு பெரியவருக்கு அச்சைப் படிக்கவே முடியாமல் போனபோது, ஆளுக்கு ஒரு அத்தியாயம் குரலில் பதிவு செய்து அனுப்பினோம். உரக்கப் படிக்கும்போதுதான் நான் எத்தனை வாக்கியங்களைத் தாண்டித் தாண்டிப் போகிறவள் என்பது தெரிந்தது. வாய் தாண்டாது, கண்தான் தாண்டும்.

இந்த மாதம் தேர்வு செய்யும் முறை அந்தப் பெரியவருடையது. கணக்குப் பதிவியலின் வரலாறு. பற்று, வரவு, பேரேடு, 480 பக்கம். பெயரைக் கேட்டதுமே கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்தது, அதில் என் குரலும் உண்டு. எண்ணிக்கை கேட்ட அந்தப் புதியவர் மட்டும் ஆசையாகக் குறித்துக்கொண்டார். எனக்கு 61-ஆம் பக்கத்தில் நிற்கிறது. இதுவரை பிடிக்கவில்லை. கூட்டத்துக்கு இன்னும் 9 நாள் இருக்கிறது.