வைரஸ் கார்டுக்குக் காசு கட்ட முதல் பிரவுசரைத் திறந்து பாருங்கோ

கிளிநொச்சி, மாங்குளம், மல்லாவி, புதுக்குடியிருப்பு என்று எங்கே கேட்டாலும் ஒரே கதைதான். லப்டொப் ஸ்லோ என்றால் வைரஸ். வைரஸ் என்றால் கடை. கடையில் ஃபோர்மட் அடித்து, விண்டோஸ் போட்டு, மேலே ஒரு வைரஸ் கார்டும் (வைரசைத் தடுக்கிற புரோகிராம்) போட்டுத் தருவார்கள். கொஞ்ச நாளில் திரும்பவும் அதே ஸ்லோ, திரும்பவும் அதே கடை. உயர்தரம் படிக்கிற பிள்ளை, அறிவியல்நகருக்கோ வவுனியாவுக்கோ கம்பஸ் போகிற பிள்ளை, ஒன்லைனில் வேலைக்கு விண்ணப்பம் போடுகிற பிள்ளை, இவர்களின் வீட்டில்தான் இந்தச் செலவு வந்து விழுகிறது. அதனால்தான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

ஊரில் ஆக்கள் கொண்டுவந்து காட்டுகிற லப்டொப்புகளைப் பார்த்து எனக்கு உறுதியான கருத்து ஒன்று உண்டு. பிரவுசர் இழுபடுவதற்கும் வைரசுக்கும் பெரும்பாலும் சம்பந்தமே இல்லை. சிலவற்றில் வைரஸ் கார்ட்தான் வருத்தமே.

தருமபுரத்தில் ஒரு அம்மா. மகனுக்கு மாமா சுவிசில் இருந்து அனுப்பின பாவிச்ச லப்டொப். ஒய்யும் இசட்டும் இடம் மாறி இருக்கிற ஜேர்மன் கீபோட். "தம்பி, வைரஸ் கார்ட் முடிஞ்சுபோச்சாம். உடன காசு கட்டாட்டி எல்லாம் அழிஞ்சுபோமாம். மூலையில நெடுக வந்து நிக்குது" என்று பயந்துபோய்ச் சொன்னா. பார்த்தால், மூலையில் வந்து நின்றது எந்த வைரஸ் கார்டும் அனுப்பினது இல்லை. பிரபலமான ஒரு கம்பனியின் சின்னத்தைப் போட்டு, முன்பின் தெரியாத ஒரு வெப்சைட் குரோம் வழியாக அனுப்புகிற நோட்டிபிகேஷன். கீழே சின்ன எழுத்தில் அந்த வெப்சைட்டின் விலாசம் இருந்தது. படம் பார்க்கவோ பழைய வினாத்தாள் இறக்கவோ போன இடத்தில் "நீங்கள் ரோபோ இல்லை என்று காட்ட அலவ் அமத்தவும்" என்று கேட்டிருக்கும். பிள்ளை அமத்தியிருக்கும். அவ்வளவுதான்.

குரோமின் செட்டிங்சில் 'பிரைவசி அன்ட் செக்யூரிட்டி', அதற்குள் 'சைட் செட்டிங்ஸ்', அதற்குள் 'நோட்டிபிகேஷன்ஸ்'. அனுமதி பெற்ற வெப்சைட்டுகள் அங்கே வரிசையாக இருக்கும். தெரியாததை எல்லாம் நீக்கிவிட்டால் "வைரஸ்" உடனே ஓய்ந்துவிடும். ஒரு சதம் செலவில்லை. இந்தப் பொய் எச்சரிக்கையைப் பார்த்து உண்மையாகவே வங்கிக் கார்ட் இலக்கம் கொடுத்த ஆக்கள் இருக்கிறார்கள் என்பதை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது.

அடுத்தது, எது இழுக்கிறது என்று கண்ணால் பாருங்கோ. குரோமைத் திறந்து, ஷிப்ட் கீயை அமத்திக்கொண்டு எஸ்கேப்பைத் தட்டினால் பிரவுசருக்குள்ளேயே ஒரு டாஸ்க் மனேஜர் வரும். எட்ஜிலும் பயர்பொக்சிலும் இதே கீதான். எந்த டப், எந்த எக்ஸ்டென்ஷன் (பிரவுசரில் மேலதிகமாகப் போடுகிற சின்னப் புரோகிராம்) எவ்வளவு மெமரியையும் சிபியுவையும் தின்கிறது என்று பெயரோடு காட்டும். ஊகிக்கத் தேவையில்லை.

குரோம் மெமரி தின்கிறது என்று எல்லோரும் திட்டுகிறோம். அதற்குக் காரணம் இருக்கிறது. 2018இல் ஸ்பெக்டர் என்ற புரொசெசர் ஓட்டை வெளியே வந்தது. ஒரு டப்பில் ஓடுகிற கெட்ட வெப்சைட் இன்னொரு டப்பில் திறந்திருக்கிற வங்கிக் கணக்கின் தகவலை மெமரிக்குள் எட்டிப் பார்த்துவிடக்கூடாது என்று, குரோம் 67 முதல் வெப்சைட்டுகளைத் தனித்தனி புரொசெஸ்களாகப் பிரித்து ஓட்டத் தொடங்கினார்கள். அதனால் மெமரி 10 முதல் 13 சதவீதம் வரை கூடப் போகும் என்று கூகிளே அப்போது சொன்னது. ஆகவே 4 ஜிபி ரேம் உள்ள மெஷினில் இருபது டப் திறந்து வைத்தால் அது மூச்சுத் திணறத்தான் செய்யும். செட்டிங்சில் 'பெர்ஃபோமன்ஸ்' பகுதியில் 'மெமரி சேவர்' என்று ஒன்று இருக்கிறது, அதைப் போட்டுவிடுங்கோ. பாவிக்காத டப்புகளை அது தானாக உறங்க வைக்கும்.

இதே வேலையைச் செய்ய முன்பு 'த கிரேட் சஸ்பெண்டர்' என்று ஒரு எக்ஸ்டென்ஷன் இருந்தது. இருபது இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் போட்டிருந்தார்கள். நல்ல எக்ஸ்டென்ஷன். 2020இல் அதை எழுதினவர் வேறு ஆட்களுக்கு விற்றார். 2021 பெப்ரவரியில் அதில் தீங்கான நிரல் இருக்கிறது என்று கூகிளே எல்லோருடைய குரோமிலும் நிறுத்தியது. நீங்கள் போட்ட அன்றைக்கு நல்லதாக இருந்தது, பிறகு கைமாறி அதே பெயரில் அப்டேட் ஆகி உள்ளே இருந்தபடியே கெட்டுப்போகலாம். ஆகவே பிடிஎஃப் மாற்றுகிறது, வீடியோ இறக்குகிறது, வோல்பேப்பர் மாற்றுகிறது என்று போட்டு மறந்துபோன எக்ஸ்டென்ஷன்கள் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கோ. எடுத்த பிறகு பிரவுசர் பறக்கிறதைப் பல இடத்தில் பார்த்திருக்கிறேன்.

வைத்துக்கொள்ளச் சொல்லி நான் வற்புறுத்துவது ஒன்றைத்தான்: விளம்பரத் தடுப்பான். தேடுபொறியில் மேலே வருகிற விளம்பரங்கள் வழியாகப் போலி வெப்சைட்டுக்கு ஆட்களை இழுக்கிறார்கள், தடுப்பான் போடுங்கள் என்று அமெரிக்காவின் எஃப்பிஐயே 2022 டிசம்பரில் அறிவுறுத்தியது. யூபிளொக் ஒரிஜின் என்ற பழைய தடுப்பானை குரோம் 2025இல் நிறுத்திவிட்டது. பயர்பொக்சில் அது இன்னும் முழுதாக வேலை செய்கிறது. குரோமை விட மனமில்லாதவர்கள் யூபிளொக் ஒரிஜின் லைட் போடலாம். பாதுகாப்போடு டேட்டாவும் மிச்சம். எங்களைப் போல ரீலோட் போட்டு டேட்டா வாங்குகிற ஆக்களுக்கு இது சின்ன விசயம் இல்லை.

டேட்டா என்றதும் ஒன்று. போனில் அதே ரவுட்டரில் அதே பக்கத்தைத் திறந்து பாருங்கோ. அங்கேயும் இழுத்தால் லப்டொப்பில் பிழை இல்லை. பக்கேஜ் முடிந்து வேகத்தைக் குறைத்துவிட்டிருப்பார்கள், அல்லது சிக்னல் பிழை. இதைப் பார்க்காமலே லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு டவுனுக்கு பஸ் ஏறுகிறவர்கள் கனபேர்.

இனி வைரஸ் கார்ட். அந்தச் சுவிஸ் லப்டொப்பில், வாங்கும்போதே வந்த ட்ரையல் ஒன்று காலாவதியாகி உள்ளே கிடந்தது. அதன் மேல் கடையில் போட்ட இன்னொன்று ஓடிக்கொண்டிருந்தது. ஒரு வளவுக்கு இரண்டு காவல்காரரை வைத்து, ஒருத்தரை ஒருத்தர் தெரியாமல் விட்டால் என்ன நடக்குமோ அதுதான் நடக்கும். ஒரு ஃபைலைத் திறந்தால் இரண்டும் சோதிக்கும். ஒன்று திறந்ததை மற்றது சந்தேகப்படும். சுழலுகிற பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் நூறு சதவீதத்தில் நின்று கதறும். இதற்கு மேல், பல வைரஸ் கார்டுகள் 'வெப் ஷீல்ட்' என்று பிரவுசருக்கும் வெப்சைட்டுக்கும் நடுவில் போய் உட்காரும். பூட்டின இணைப்பைத் தன் சொந்தச் சான்றிதழைக் கொண்டு திறந்து, பார்த்து, திரும்பப் பூட்டி அனுப்பும். பிரவுசர் மட்டும் ஸ்லோ, மற்றதெல்லாம் சரி என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான்.

விண்டோசிலேயே டிஃபென்டர் இருக்கிறது. 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல் அது முழுமையான வைரஸ் கார்டாகவே கூட வருகிறது, காசு இல்லை, காலாவதி இல்லை. "ஃப்ரீயாக் கிடைக்கிறது நல்லதா இருக்குமா?" என்று கேட்கிறார்கள். ஜேர்மனியின் ஏவி-டெஸ்ட், ஒஸ்திரியாவின் ஏவி-கொம்பரட்டிவ்ஸ் என்று வைரஸ் கார்டுகளைப் பரிசோதிக்கிற நிறுவனங்கள் உண்டு. அவற்றின் முடிவுகளை எவரும் இலவசமாகப் பார்க்கலாம். ஏவி-டெஸ்டின் பாதுகாப்புச் சோதனையில் டிஃபென்டர் பல தடவை முழுப் புள்ளி எடுத்திருக்கிறது. வேகத்தில் அதைவிட இலேசானவை உண்டு, அதையும் சொல்லத்தான் வேணும். ஆனால் வீட்டில் படிப்புக்குப் பாவிக்கிற ஒரு மெஷினுக்கு அது போதும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இலவசமாக இறக்குகிற மற்ற வைரஸ் கார்டுகளைப் பற்றி இவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். அவாஸ்ட் தன்னைப் பாவித்தவர்கள் எந்தெந்த வெப்சைட்டுக்குப் போனார்கள் என்ற விபரத்தை ஜம்ப்ஷொட் என்ற துணைக் கம்பனி மூலம் நூறுக்கும் மேற்பட்டவர்களுக்கு விற்றது என்று அமெரிக்க வர்த்தக ஆணைக்குழு குற்றம் சாட்டி, 2024இல் 1 கோடி 65 இலட்சம் டொலர் கட்ட வைத்தது. 'கிளீனர்' என்று போடுகிறவையும் அப்படித்தான். 2017இல் சிகிளீனரின் சொந்த டவுன்லோட் ஃபைலுக்குள்ளேயே தீநிரலைப் புகுத்திவிட்டார்கள், 22 இலட்சத்துக்கும் மேற்பட்ட கொம்பியூட்டர்களுக்கு அது போனது. வேகமாக்குகிறேன் என்று சொல்லி வருகிற எதையும் நான் போடச் சொல்வதில்லை.

ஆனால் எனக்கு உண்மையான கோபம் வேறொரு இடத்தில். களவு விண்டோசும், கிராக் பண்ணின ஒபிசும், அவற்றை இயங்க வைக்கிற அக்டிவேட்டரும். அவற்றைப் போடும்போது முதல் வேலையாக டிஃபென்டரை நிறுத்தச் சொல்லும். பிறகு 'எக்ஸ்குளூஷன்ஸ்' என்ற பட்டியலில் சில இடங்களை, சில மெஷின்களில் சி டிரைவ் முழுவதையுமே, "இங்கே பார்க்காதே" என்று எழுதிவைத்துவிடுவார்கள். அந்தப் பட்டியல் அப்படியே கிடக்கும். பாதுகாப்பைத் தாங்களே திறந்துவிட்டு, அதற்கு மேல் ஒரு வைரஸ் கார்டை விற்கிறார்கள். எல்லாக் கடையும் இப்படி இல்லை, வடிவாக வேலை செய்கிற தம்பிமார் எனக்குத் தெரியும். ஆனாலும் நீங்கள் இன்றைக்கே பாருங்கோ: 'விண்டோஸ் செக்யூரிட்டி', 'வைரஸ் அன்ட் த்ரெட் புரொடெக்ஷன்', 'மனேஜ் செட்டிங்ஸ்', கடைசியில் 'எக்ஸ்குளூஷன்ஸ்'. நீங்கள் போடாத ஏதும் அங்கே இருந்தால் நீக்கிவிட்டு ஒரு 'ஃபுல் ஸ்கேன்' ஓடவிடுங்கோ. இரண்டாவது அபிப்பிராயம் வேணுமென்றால் மல்வேர்பைட்ஸின் இலவசப் பதிப்பை இறக்கி ஒரு தரம் ஸ்கேன் பண்ணலாம். அதன் ட்ரையல் தொடங்கினால் நிறுத்திவிடுங்கோ, இல்லாவிட்டால் அதுவும் நெடுக ஓடும்.

காசு கட்டி வாங்கத்தான் வேணும் என்று நான் சொல்கிற இடமும் உண்டு. போட்டோக்கொப்பிக் கடை, கொமினிகேஷன், ரியூட்டறி. ஊரில் உள்ள பென் டிரைவ் எல்லாம் வந்து போகிற மெஷின்கள். ஃபோல்டர்களை மறைத்து ஷோட்கட் ஆக்குகிற அந்தப் பழைய வைரஸ் எங்கட பக்கம் இன்னும் சுத்துகிறதென்றால் இப்படியான இடங்களால்தான். அவர்கள் மேலே சொன்ன இரண்டு பரிசோதனை நிறுவனங்களின் அண்மைய முடிவுகளைப் பார்த்து, வேகத்திலும் நல்ல புள்ளி எடுத்த ஒன்றை லைசன்சோடு வாங்கட்டும். முதல் வருட விலையைப் பார்த்து ஏமாறாமல், புதுப்பிக்கிற விலையையும் கேட்கட்டும்.

வீட்டு மெஷினுக்கு அந்தக் காசை எஸ்எஸ்டி (சுழலாத, வேகமான டிஸ்க்) வாங்கப் போடுங்கோ. பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி எஸ்எஸ்டி போட்ட லப்டொப் வேறொரு லப்டொப். முடிந்தால் ரேமை 8 ஜிபி ஆக்குங்கோ. விசிறியையும் துப்பரவாக்குங்கோ. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் எங்கட வீடுகளுக்குள் வருகிற புழுதி எல்லாம் அதற்குள்தான் போய் அடைகிறது. சூடு ஏறினால் புரொசெசர் தன்னைக் காப்பாற்றத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதையும் வைரஸ் என்று சொல்லிக் காசு வாங்கின கதை எனக்குத் தெரியும்.

டேட்டா போகுதென்று விண்டோஸ் அப்டேட்டை நிறுத்தி வைத்திருக்கிற வீடுகள் நிறைய. செய்யாதேங்கோ. 2017 மே மாதம் வொனாக்ரை என்ற தீநிரல் உலகம் முழுக்க ஃபைல்களைப் பூட்டிக் கப்பம் கேட்டபோது, அது நுழைந்த ஓட்டைக்கு மைக்ரோசொஃப்ட் மார்ச் மாதமே பூட்டுப் போட்டிருந்தது. அப்டேட் பண்ணாதவர்கள்தான் மாட்டினார்கள். வைஃபையின் புரோபர்ட்டிசில் 'மீட்டர்ட் கனெக்ஷன்' (அப்டேட்டுகள் பெரும்பாலும் தானாக இறங்காமல் இருக்க) போட்டுவிட்டு, டேட்டா மிச்சமுள்ள நேரத்தில் நீங்களே அப்டேட்டை ஓடவிடுங்கோ.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்தது. வெளிநாட்டிலிருந்து வருகிற பழைய லப்டொப்புகளில் பலவற்றுக்கு, இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தியதென்றால், விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. அதற்காக எறியத் தேவையில்லை. மைக்ரோசொஃப்ட் கணக்கால் உள்நுழைந்து செட்டிங்ஸ் பேக்கப்பைப் போட்டால் 2026 ஒக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட்டுகள் இலவசம், விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே அதற்கான பொத்தான் இருக்கும். அதற்குப் பிறகு, அல்லது இன்னும் விண்டோஸ் 7இல் கிடக்கிற மெஷின் என்றால், விண்டோசுக்குப் பதிலாக இலவசமாகப் போடக்கூடிய லினக்ஸ் மின்ட் போடுங்கோ. விண்டோஸ் 7க்கு வந்த கடைசி குரோம் 109, அது 2023இலேயே நின்றுவிட்டது. வட்ஸ்அப் வெப், சூம், யூடியூப், தமிழ் தட்டச்சு எல்லாம் மின்டில் ஓடும். களவு லைசன்சும் தேவையில்லை.

கடை வைத்திருக்கிற தம்பிமாரிடம் ஒரு கேள்வி. ஃபோர்மட் அடிக்க முதல், டெஸ்க்டொப்பில் கிடக்கிற அந்தப் பிள்ளையின் குறிப்புகளையும் படங்களையும் வேறு இடத்தில் எடுத்து வைக்கிறீர்களா? என்ன போட்டீர்கள், எதை நிறுத்தினீர்கள் என்று பில்லின் பின்பக்கத்திலாவது எழுதிக் கொடுங்கோ. அடுத்த முறை அந்த மெஷினைத் திறக்கிறவருக்கு, அது நீங்களாகவே இருந்தாலும், அரைவாசி வேலை மிச்சம்.