ஜே.பி. சீல் அடிச்சா லீசு ஆகிடாது

மட்டக்களப்பு, கல்லடியில் நான் இருந்த வாடகை வீட்டுக்கு அக்ரிமெண்ட் இருந்தது. இரண்டு வருடம், மாதம் 25,000, முற்பணம் 3 லட்சம். கொம்யூனிக்கேஷன் கடையில் டைப் அடித்த இரண்டு பக்கம். கடைசியில் வீட்டுக்கார ஐயாவின் கையெழுத்து, என்னுடையது, ஒரு சமாதான நீதவானின் (ஜே.பி.) வட்டச் சீல். சீலின் ஊதா மை பரவி ஐயாவின் கையெழுத்தில் பாதியை மறைத்திருந்தது. அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பிறப்புச் சான்றிதழோடு அலுமாரியில் பூட்டி வைத்திருந்தேன்.

பதினான்காவது மாதம் ஐயா வந்தார். உள்ளே வராமல் படியிலேயே நின்றார்.

"மகள், பிள்ளைக்குக் கல்யாணம் சரிவந்திட்டு. வார மாசம் சாவி வேணும்."

"இன்னும் பத்து மாசம் இருக்கே ஐயா?"

"மறுகா என்ன செய்யிற? அவட வீடுதானே."

அவட வீடு! மட்டக்களப்பில் பிறந்த எனக்கு இது தெரியாததா? எங்கட பக்கம் தமிழரோ முஸ்லிமோ, வீடு பெண்பிள்ளைக்குத்தான். மாப்பிள்ளை வரும்வரை வீடு சும்மா கிடக்கக்கூடாது என்று வாடகைக்கு விடுவார்கள். விலை பேசுவது வாப்பாவோ அப்பாவோ, காசை எண்ணுவது அம்மா, கையெழுத்து வைப்பது அந்த நேரம் வீட்டில் நிற்கிற ஆம்பிளை. உறுதியில், அதாவது வீட்டுப் பத்திரத்தில், பெயர் உள்ளவள் கொழும்பில் படித்துக்கொண்டிருப்பாள். எனக்கு வாடகைக்குத் தந்தவருக்கு அந்த வீட்டில் ஒரு ஓடுகூடச் சொந்தமில்லை. அவருக்கு மகள் தன் சார்பில் கையெழுத்து வைக்கக் கொடுத்த அட்டோணித் தத்துவமும் இல்லை. நான் கேட்கவும் இல்லை. கேட்டால் மரியாதைக் குறைவு என்று நினைத்துவிட்டேன்.

கடதாசியைத் தூக்கிக்கொண்டு ஒரு சட்டத்தரணியிடம் போனேன். முழுதாக அரை நிமிடம்கூட அவர் பார்க்கவில்லை. "நொத்தாரிசு எங்க?" என்று மட்டும் கேட்டார். உறுதி, லீசு எல்லாம் எழுதி அத்தாட்சிப்படுத்துகிறவர்தான் நொத்தாரிசு.

அன்றைக்குத்தான் தெரிந்தது. இலங்கையில் 1840இன் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்றைக்கும் நடைமுறையில் இருக்கிறது. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை (லீசு) எதுவானாலும் நொத்தாரிசு முன், இரண்டு சாட்சிகளோடு எழுதினால்தான் செல்லும். ஜே.பி. சீலுக்கு அந்த இடத்தில் வேலையே இல்லை. என் இரண்டு வருட அக்ரிமெண்ட், சட்டத்தின் கண்ணில் மாதாமாத வாடகைதான். முழுதாக ஒரு கலண்டர் மாத நோட்டீஸ் தந்தால் முடிந்தது கதை.

இன்னொரு கூத்தும் உண்டு. யூடியூப்பில் சென்னைக்காரர் சொல்வதைக் கேட்டு நம்மாட்கள் "11 மாசத்துக்குப் போட்டாப் பதியத் தேவையில்ல" என்கிறார்கள். அது இந்தியப் பதிவுச் சட்டத்தின் கணக்கு. இங்கே பதினொரு மாதத்துக்கும் நொத்தாரிசு வேண்டும்.

நொத்தாரிசுக்குக் காசு வீண் என்று சொல்கிறவர்களோடு எனக்குக் கோபம். 3 லட்சத்தைத் துண்டுக் கடதாசியை நம்பிக் கொடுப்போம், எழுத்துக்கூலிக்குக் கணக்குப் பார்ப்போம். உறுதியில் பெயர் உள்ளவரோடு முறையாக எழுதி, காணிப் பதிவகத்தில் பதிந்த லீசு இருந்தால், இடையில் வீட்டை விற்றாலும் சீதனமாக எழுதினாலும் புதுச் சொந்தக்காரர் அந்தத் தவணையை ஏற்கத்தான் வேண்டும். ரோமன் டச்சுச் சட்டம் வழியாக வந்த விதி அது. சீதன வீடுகள் நிறைந்த நம்ம ஊருக்கே அளந்து தைத்தமாதிரி இருக்கிறது.

வீட்டுக்காரரையும் நான் குறை சொல்ல வரவில்லை. தவணை முடிந்தும் எழும்பாமல் இருந்து, வாடகையும் தராமல் வயதுபோன அம்மாக்களை அலைக்கழிக்கிறவர்களையும் கண்டிருக்கிறேன். லீசுக்குக் கொடுத்த இடத்தை மாவட்ட நீதிமன்றத்தில் சுருக்க முறையில் மீட்க 2023இன் 1ஆம் இலக்கச் சட்டம் வந்தது அவர்களுக்காகத்தான்.

ஆனால் கோர்ட்டுக்குப் போகாமல் பூட்டை மாற்றுவது, சாமானை வளவுக்குள் எறிவது எல்லாம் அடாத்து. பலவந்தமாக வெளியேற்றினால் இரண்டு மாதத்துக்குள் ஆரம்ப நீதிமன்ற நடைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவில் வழக்கு வைக்கலாம். அங்கே முதலில் பார்ப்பது யார் குடியிருந்தது என்பதைத்தான், உறுதி யாருடையது என்பதை அல்ல. பெரும்பாலான ஊர்களில் நீதவான் நீதிமன்றமே இதையும் விசாரிக்கிறது. சட்டத்தரணிக்குக் கட்ட வசதியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவில் கேட்டுப்பார்க்கலாம்.

எனக்கு அந்தளவுக்குப் போகவில்லை. ஐயா நல்ல மனிசன். ஒரு மாதத்துக்குப் பதில் ஆறு கிழமை தந்தார். முற்பணம் இரண்டு தவணையில் வந்தது, 40,000 குறைய. "பெயின்ற் அடிக்கோணும் மகள்." மாரியில் முகட்டால் ஒழுகிப் பூத்த சுவர் அது. நான் வரமுதலே பூத்திருந்தது. படம் எடுத்து வைக்கவில்லை, வாய் திறக்கமுடியவில்லை. மத்தியஸ்த சபைக்குப் போயிருக்கலாம்தான். கல்யாண வீட்டுக்காரரிடம் வழக்குப் பேச மனம் வரவில்லை.

இப்போது இருப்பது நாவற்குடாவில். சாவி வாங்கிய அன்றே ஒவ்வொரு சுவரையும், கரண்ட் மீட்டர் இலக்கத்தையும் போனில் படம் எடுத்தேன். அதற்கு முதல், "அம்மா, உறுதிய ஒருக்காப் பாக்கலாமா?" என்று கேட்டேன். தொண்டை காய்ந்துதான் கேட்டேன். அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, பழைய லக்ஸ்பிறே டின்னிலிருந்து உறுதியை எடுத்து நீட்டினார். பெயர் அவருடையதேதான்.

நொத்தாரிசு ஒவ்வொரு நிபந்தனையாக வாசித்தபோது இடையில் நிறுத்தியது நானல்ல, அவர். "தம்பி, ஒழுகினா ஆர் திருத்துற எண்டும் போடுங்க. மறுகா இந்தப் பிள்ளையோட எனக்குச் சண்ட வேணாம்."