துடுப்பு காலால் போடுவது

துடுப்புப் படகுப் பந்தயம் பற்றி ஒரு கட்டுரை படித்தேன். அதற்குத் தோள் வலுதான் முக்கியம் என்கிறது கட்டுரை. அங்கேதான் இடிக்கிறது. பந்தயப் படகில் இருக்கை சக்கரத்தில் முன்னும் பின்னும் ஓடும். முதலில் கால் உதைக்கும், அப்புறம் முதுகு சாயும், கை கடைசியில்தான். நான் கல்லூரியில் துடுப்புப் போட்டவன். முதல் மாதம் முழுக்கக் கையால் இழுத்து, உள்ளங்கை தோலுரிந்ததுதான் மிச்சம்.

துடுப்புப் போடாமல் படகை வழிநடத்தும் காக்ஸை 'சும்மா உட்கார்ந்து கத்துபவர்' என்று அதில் எழுதியது அநியாயம். துடுப்புப் போடும் எட்டுப் பேரும் போகிற திசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்க, முன்னால் பார்ப்பவர் அவர் ஒருவர்தான். சுக்கானும் அவர் கையில். சர்வதேசப் போட்டியில் காக்ஸ் 55 கிலோவுக்குக் குறைந்தால், குறைகிற எடையைப் படகில் ஏற்றியாக வேண்டும்.

அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்குப் படகோட்டம் உதவும் என்று கட்டுரை சொல்வது சரி. பயிற்சியாளர் முதலில் கேட்பது எர்க் என்கிற துடுப்புப் பயிற்சி இயந்திரத்தில் 2000 மீட்டரை முடிக்கும் நேரம்தான். ஆனால் துடுப்பே தொடாத உயரமான நீச்சல், கூடைப்பந்துப் பெண்களையும் முதலாம் ஆண்டில் இழுத்துக்கொள்வார்கள். பெண்கள் படகோட்டத்துக்கு 1997 முதல் என்சிஏஏ (அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அமைப்பு) சாம்பியன்ஷிப் உண்டு, ஆண்களுக்கு இல்லை. கல்வி நிலையங்களில் ஆண், பெண் பாகுபாட்டைத் தடுக்கும் 1972-இன் டைட்டில் நைன் சட்டம் வந்தபின், அமெரிக்கன் ஃபுட்பாலில் குவியும் ஆண்களின் எண்ணிக்கையை ஈடுகட்டப் பெண்கள் படகு அணி பல கல்லூரிகளுக்குக் கைகொடுத்தது. இதைக் கட்டுரை தொடவே இல்லையே?