குடித்தது இருக்கட்டும், உடைப்பது எதற்கு?

வலது பாதத்தில் மூன்று தையல், இடுப்பில் ஒரு டிடி ஊசி. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மதுரைப் பக்கம் கீழக்குயில்குடி சமணர் மலை ஏறப்போய் நான் சம்பாதித்தது இதுதான். பாம்பு கடிக்கவில்லை, தேள் கொட்டவில்லை, வழுக்கியும் விழவில்லை. எவனோ குடித்துவிட்டுப் பாறையில் ஓங்கி அடித்த பீர் பாட்டிலின் அடிப்பாகம். சுற்றிலும் கண்ணாடி பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது.

"செருப்பைப் போட்டுக்கொண்டு ஏற வேண்டியதுதானே?" என்று வீட்டில் கேட்டார்கள். அந்த மலையில் ஏறியவர்களுக்குத் தெரியும், வெட்டிய படிகள் முடிந்து சரிவுப் பாறை வந்துவிட்டால் தேய்ந்த செருப்பைவிட வெறுங்கால்தான் பிடிமானம். அடிவாரத்தில் ஐயனார் கோயில், பெரிய ஆலமரம், தாமரைக்குளம். செருப்பை மரத்தடியில் விட்டுவிட்டு வெயில் வருவதற்கு முன் ஏறினால் பாறை காலுக்கு ஜில்லென்று இருக்கும். இருபது வருடமாக அந்த ஜில்லுக்காகவே ஏறுகிறேன். இப்போது மயிலைப் பார்ப்பதா, காலைப் பார்ப்பதா?

குடிக்காதே என்று உபதேசம் செய்ய நான் வரவில்லை. எனக்குப் பிடிபடாதது ஒன்றே ஒன்றுதான். ஏனப்பா உடைக்கிறீர்கள்? நிறைந்த பாட்டிலைத் தூக்கிக்கொண்டு ஏறத் தெம்பு இருக்கிறது, காலிப் பாட்டிலைக் கீழே கொண்டுவரத் தெம்பு இல்லை. சரி, சோம்பேறித்தனம் என்று விட்டுவிடலாம். நானும் கல்லூரியில் படிக்கும்போது இதே மலையில் மிக்சர் பாக்கெட்டைக் காற்றில் பறக்கவிட்டவன்தான். ஆனால் சோம்பேறி பாட்டிலை வைத்த இடத்தில் வைத்துவிட்டுப் போவான். உடைக்க வேண்டுமென்றால் எழுந்து நிற்க வேண்டும், கையை ஓங்க வேண்டும், குறி பார்க்க வேண்டும். மெனக்கெட்டல்லவா செய்கிறார்கள்!

அதுவும் எங்கே? மலைமேல் இருக்கும் பேச்சிப்பள்ளத்தில். பாறை முகத்தில் மகாவீரர், பார்சுவநாதர், பாகுபலி என்று வரிசையாகச் சிற்பங்கள், அவற்றோடு வட்டெழுத்து என்னும் பழந்தமிழ் எழுத்தில் கல்வெட்டுகள். ஆயிரத்து நூறு வருடத்து வேலை. அதில் ஒரு கல்வெட்டு, அச்சணந்தியின் தாயார் குணமதியார் செய்வித்த திருமேனி என்று சொல்கிறது. அச்சணந்தி சமணத் துறவி. யானைமலை, அழகர்மலை என்று மதுரையைச் சுற்றி எந்த மலைக்குப் போனாலும் அவர் பெயர் கல்லில் இருக்கும். மகன் துறவு பூண்டு மலை மலையாகப் போயிருக்கிறார், அம்மா இங்கே ஒரு சிலை செய்வித்துத் தன் பெயரையும் பதித்திருக்கிறார். அந்த வரியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு என்னவோ செய்யும். அதற்குச் சற்றுத் தள்ளி வெள்ளை பெயிண்டில் இரண்டு பெயர்கள், நடுவில் அம்பு குத்திய இதயம். அதற்குக் கீழேதான் கண்ணாடிச் சில்லு. பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்தினால் 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று 1958ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு 2010இல் திருத்தம் வந்தது. வந்து என்ன பயன்?

இரண்டு மாதம் முன்பு நேரிலேயே பிடித்துக் கேட்டேன். ஐந்து பேர், கல்லூரி வயது. கூடவே ஒரு ஸ்பீக்கர், அதன் அலறல் ஐயனாருக்கே கேட்டிருக்கும்.

"அண்ணே, நீங்க பாரஸ்ட்டா?"

"இல்லப்பா."

"தொல்லியலா?"

"இல்லப்பா."

"அப்ப மேல ஏறுங்கண்ணே, வெயில் வந்துரும்."

மரியாதையாகத்தான் சொன்னான். அதுதான் இன்னும் எரிகிறது. மலையைப் பற்றிக் கேட்க ஒருவனுக்கு ஏதாவது பதவி இருக்க வேண்டும்போல. பதவி உள்ளவர்களிடம் போனால், "அது எங்க எல்லையில வராதே சார்" என்று அடுத்த மேசைக்குக் கை காட்டுகிறார்கள். மூன்று மேசை பார்த்துவிட்டேன்.

மலைச்சரிவில் ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர் என் காலைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஒனக்காவது ஊசி போட்டாக தம்பி. என் கெடாய்க்குக் குளம்புல ஏறி, புழு வச்சு, பாதி வெலைக்குத் தள்ளிவிட்டேன்." யாரிடம் போய்ப் புகார் கொடுப்பார் அவர்?

இத்தனைக்கும் மலைக்காகச் சண்டை போடத் தெரியாத மாவட்டமா இது? அரிட்டாபட்டிப் பக்கம் டங்ஸ்டன் சுரங்கம் வரப்போகிறது என்றதும் மேலூர் வட்டாரமே திரண்டு வந்தது. 2025 ஜனவரியில் மத்திய அரசு அந்த ஏலத்தையே ரத்து செய்தது. அன்றைக்கு நானும் இனிப்பு வாங்கித் தின்றேன். சுரங்கத்துக்கு எதிராக ஸ்டேட்டஸ் வைத்தவர்களில் எத்தனை பேர் அடுத்த வாரமே ஒரு பெட்டி பாட்டிலோடு ஏதோ ஒரு மலையில் ஏறினார்கள் என்று எனக்குச் சந்தேகம். சுரங்கக்காரன் பாறையை உடைத்தால் போராட்டம், மச்சான் பாறைமேல் பாட்டிலை உடைத்தால் ரீல்ஸ்.

தையல் பிரித்த மறுநாள் ஒரு சிமெண்டுச் சாக்கும் கையுறையும் எடுத்துக்கொண்டு போனேன். (ஷூ போட்டுக்கொண்டுதான்.) படியோரம் மட்டும் பொறுக்கியதிலேயே முக்கால் சாக்கு. மழைத்தண்ணீர் இழுத்துக்கொண்டுபோய்ப் பாறை இடுக்கில் செருகி வைத்ததையெல்லாம் எடுக்க முடியவில்லை. வண்டியில் கட்டிக்கொண்டு வந்து நாகமலை ரோட்டில் ஒரு பழைய இரும்புக் கடையில் இறக்கினேன். கடைக்காரர் சாக்கின் வாயைப் பிரித்து எட்டிப் பார்த்தார்.

"முழுப் பாட்டில்னா ஆளுங்களே பொறுக்கிட்டு வந்து போட்டுருவாங்கண்ணே, நானும் காசு குடுப்பேன். சில்லு வேணாம். தொட்டா கை போயிரும்."

சாக்கு இன்னும் என் வீட்டு மாடிப்படிக்குக் கீழேதான் கிடக்கிறது. குப்பை வண்டிக்காரரும் எடுக்க மாட்டேன் என்கிறார்.