தழும்பு அழியாது, மங்கும்

"ஒரே தடவை லேசர், தழும்பே இருக்காது" என்று ஒரு கட்டுரையில் படித்ததும் மனசு கேட்கவில்லை. எங்கள் ஊர் ராமேஸ்வரம் தீவில் இருக்கும் தங்கச்சிமடம். 2 வருஷத்துக்கு முன் விசைப்படகில் கயிறு அறுந்து என் தம்பியின் இடது கன்னத்தில் அடித்தது, 7 தையல். காயம் ஆறியதும் மருந்துக்கடையில் கேட்டு ஒரு க்ரீம் வாங்கிப் பூசினான். ஸ்டீராய்டு கலந்தது என்று யாருக்குத் தெரியும்? மூன்றே மாதத்தில் தோல் மெலிந்து, வெயில் பட்டாலே சிவந்து எரிந்தது.

அப்புறம்தான் மதுரைக்கு ரயிலேறி தோல் மருத்துவரைப் பார்த்தோம். முதலில் அந்த க்ரீமை நிறுத்தச் சொன்னார். தழும்பு முதிர ஒரு வருஷமாவது ஆகும், அதுவரை சிலிகான் ஜெல்லும் சன்ஸ்கிரீனும் போதும் என்றார். நம்மைப் போன்ற மாநிறத் தோலில் லேசரின் அளவு கூடினால் அந்த இடமே கருத்துவிடுமாம். கடலில் நிற்பவனுக்கு வெயில் மேலேயிருந்து மட்டுமா வருகிறது? தண்ணீரில் பட்டும் முகத்தில் அடிக்கிறது. எஸ்பிஎஃப் (வெயிலைத் தடுக்கும் அளவு) 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீனை 2 மணி நேரத்துக்கு ஒருமுறை பூச வேண்டும். வலை இழுக்கும்போது அது நடக்கிற காரியமா? கண் மட்டும் தெரிய துண்டைச் சுற்றிக்கொள்கிறான்.

பிறகு மாத இடைவெளியில் 4 தடவை மைக்ரோநீடிலிங், அதாவது நுண்ணிய ஊசிகளால் தழும்பில் குத்தும் சிகிச்சை. பள்ளமாக இருந்த கோடு மேலேறி நிறமும் சுற்றியுள்ள தோலோடு சேர்ந்துவிட்டது. கிட்டே வந்தால் தெரியும், சரி, தெரியட்டும். காயம் பட்டால் தழும்பு புடைத்து வளரும் உடம்பு என்றால் மட்டும் சிகிச்சைக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

போன மாதம் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுக்கப் போனவன் கன்னத்தைத் திருப்பாமல் நேராக உட்கார்ந்தான்.